கிண்டன்

இடது கண் இல்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறார் கென், பொன்னிற முடி, சிவப்பு டை, மார்போடு அணைத்த தடித்த புத்தகம், மொழிப் பயிற்சி நிலையத்தின் மாடியிலிருந்து தொங்கும் ஃபிளெக்ஸ் பேனரில் மேகாங் ஆற்றுக் காற்று அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது, போன வாரம் கண்ணைத் தின்றது, அடுத்தது மூக்காக இருக்கலாம், கீழே லண்டனிலிருந்து நேரடியாக மிஸ்டர் கென் என்று வியட்நாமிய மொழியில் பெரிதாக எழுதியிருக்கிறது, அந்த மிஸ்டர் கென் நான்தான், விருதுநகரில் பிறந்தவன், இன்ஜினியரிங்கில் தோற்ற பாடங்களை இன்னும் எழுதி முடிக்காதவன், கண்ணாடியில் பார்த்தால் கறுப்பாகத் தெரிகிறவன். உண்மையான கென் ஒருவர் இருந்தார், ஒரு காலையில் படகுத்துறைக்கு சிகரெட் வாங்கப் போனவர் அப்படியே வேறு நாட்டுக்குப் போய்விட்டார், பேனர் புத்தம் புதிதாக இருந்தது, ஆள்தான் இல்லை, அதனால் முதலாளி பேனருக்கு ஆள் தேடினார், நான் கிடைத்தேன். முதலாளி பெயர் காய், வியட்நாமியத்தில் அது கௌரவமான பெயர் என்கிறார்கள், ஆண் ஆசிரியரை இங்கே கூப்பிடுகிற சொல் என் காதில் தாய் என்றுதான் விழுகிறது, ஆக இந்த ஊரில் அவர் காய், நான் தாய், வந்த புதிதில் இதற்குச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பேனரில் வெள்ளையாக இருக்கிறாரே என்று பெற்றோர் யாராவது கேட்டால் காய் என் தோளில் கைபோட்டு, இந்த ஊர் வெயில் அப்படி, மீன் பிடிக்கப் போய்ப் போய் இப்படி ஆகிவிட்டார் என்கிறார், அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள், வெயிலைப் பார்க்கிறார்கள், ஐயோ பாவம் என்பதுபோல் தலையாட்டிவிட்டுப் பிள்ளையைச் சேர்த்துவிட்டுப் போகிறார்கள்.

எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை, காலையில் எழுந்தால் ஆறு இருக்கிறது, பழுப்பாக, மாலையில் பார்த்தாலும் அதே பழுப்பாக இருக்கிறது, வகுப்பில் நான் இது ஆப்பிள் என்கிறேன், முப்பது பேர் இது ஆப்பிள் என்கிறார்கள், ஆப்பிள் ஒன்றும் சொல்வதில்லை, மழை வருகிறது, நிற்கிறது, அறைக்கு வந்து மின்விசிறியைப் பார்த்தபடி படுக்கிறேன், போன் அடிக்கிறது, அம்மா, சாப்ட்டியா கீப்ட்டியாடா, சாப்பிட்டேம்மா, என்ன சாப்ட்ட, மீனு, தெனமும் மீனா, ஆமா தெனமும் மீனுதான், உடம்பு கிடம்பு நல்லாருக்கா, இருக்கும்மா, பரமேஸ்வரி மகனுக்குப் பொண்ணு பாக்குறாங்க, எம்மவன் ஃபாரின்ல புரொபசருன்னு சொன்னேன், மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டா, எப்படிம்மா, இப்படித்தான். போனில் அந்த மூஞ்சி தெரியவில்லை, ஆனால் தெரிகிறது. நான் கிளம்பிய அன்றைய பேருந்து நிலையத்தில் அம்மா நிற்கிறாள், கையில் எண்ணெய் புரோட்டா பார்சல், சென்னைப் பேருந்து உறுமிக்கொண்டிருக்கிறது, தோற்ற பாடங்களை முன்னிட்டு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்ட அப்பா டீக்கடைப் பக்கம் திரும்பி நிற்கிறார், அம்மா ஜன்னல் வழியாகப் பார்சலைத் திணித்துவிட்டுச் சொல்கிறாள், போன எடத்துல ஒழுங்கா இரு, லண்டன் கிண்டன்னு எங்கயாச்சும் போயி தொலைஞ்சிராத, அவளுக்கு வெளிநாடு என்றால் இரண்டுதான், ஒன்று லண்டன், மற்றதெல்லாம் கிண்டன், பேருந்து கிளம்புகிறது, புரோட்டாவின் எண்ணெய் என் மடியில் ஊறிக்கொண்டிருக்கிறது, இங்கே மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருக்கும்போதும் ஊறிக்கொண்டிருக்கிறது.

வகுப்பில் கடைசி பெஞ்சில் லுவா உட்கார்ந்திருக்கிறாள், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவள், படகுத்துறையில் தள்ளுவண்டியில் நூடுல்ஸும் சோறும் விற்கிறவள், உனக்கு எதற்கு இங்கிலீஷ் என்று முதல் நாள் கேட்டேன், படகில் வருகிற வெள்ளைக்காரர்கள் கிண்ணத்தைப் பார்த்து விரலை நீட்டுகிறார்கள், எனக்கு விரல் வேண்டாம், வாயைத் திறந்து கேட்க வேண்டும், நானும் வாயைத் திறந்து இல்லை என்று சொல்ல வேண்டும் என்றாள். ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி அவள் வண்டியில் சோறும் மீன் குழம்பும் வாங்கினேன், பேச்சு வாக்கில் இங்கிலீஷில் டீ கீ ஏதாவது கிடைக்குமா என்று கேட்டுவிட்டேன், வாய் தானாகச் சொன்னது, அம்மாவின் வாய், லுவா கரண்டியை வைத்துவிட்டு அதென்ன கீ என்றாள். டீ என்றால் டீ, டீ கீ என்றால் டீயோ, டீ மாதிரி ஒன்றோ, கிடைக்காவிட்டாலும் ஒன்றும் முழுகிவிடாது என்று அர்த்தம், நான் சோற்றைப் பிசைந்துகொண்டே விளக்கினேன், அவள் என் விரல்களைப் பார்த்தாள், பிறகு சத்தமாகச் சிரித்தாள், எங்ககிட்டயும் இருக்கு தாய், காஃபேன்னா காப்பி, காஃபே காஃபியெக்னா காப்பியாவது கீப்பியாவது, இங்கிலீஷ்லயும் இருக்கா. இருக்கிறது என்றேன், இருக்கக் கூடாது என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. அதன்பிறகு வகுப்பே மாறிவிட்டது, மூன்று மாதமாக வாயைத் திறக்காதவர்கள் எல்லாம் திறந்தார்கள், சார் ஹோம்வொர்க் கீம்வொர்க் இல்லை, சார் பென் கின் இருக்கிறதா, ஹஸ்பண்ட் கிஸ்பண்ட் யாரும் வேண்டாம் என்று லுவா எழுந்து நின்று அறிவிக்கிறாள், கைதட்டுகிறார்கள், இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை, நான் நன்று என்கிறேன், இந்த ஆற்றங்கரையில் முப்பது பேர் விருதுநகர் இங்கிலீஷ் பேசுகிறார்கள், எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை, கை மட்டும் சாக்பீஸைக் கொஞ்சம் வேகமாக உருட்டியது.

அப்போதுதான் காய் வியர்வையோடு வந்தார், மாகாணக் கல்வித் துறை ஒரு இங்கிலாந்துக்காரரை நியமித்திருக்கிறதாம், ஊர் ஊராகப் போய் வெளிநாட்டு ஆசிரியர்கள் சொன்ன நாட்டுக்காரர்கள்தானா என்று பார்க்கிறாராம், வியாழக்கிழமை இங்கே வருகிறாராம், நீ லண்டன் இல்லைன்னு தெரிஞ்சா எனக்குப் பூட்டு, உனக்கு டிக்கெட் என்றார். டிக்கெட் என்றால் விருதுநகர், பேருந்து நிலையம், டீக்கடைப் பக்கம் திரும்பி நிற்கும் அப்பா, பரமேஸ்வரியின் இப்படிப்பட்ட மூஞ்சி, தெரு முழுக்கச் சொன்ன புரொபசரை அம்மா வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்க வேண்டும், இதையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தேன், பயம் வருகிறதா என்று காத்திருந்தேன், பசி வந்தது. லுவாவின் வண்டிக்குப் போனேன், விஷயத்தைச் சொன்னேன், அவள் எலும்புத் துண்டுகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டே, போயிருவீங்களா தாய் என்றாள், தெரியவில்லை என்றேன், போணுமா என்றாள், அதற்கும் தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், வேண்டாம் என்று வந்தது, அந்தச் சொல் யாருடையது என்று திரும்பிப் பார்த்தேன், பின்னால் ஆறுதான் இருந்தது, கரையோரம் படகுகள், ஒவ்வொன்றின் மூக்கிலும் இரண்டு பெரிய கண்கள், வெள்ளை வட்டம், நடுவே கரிய உருண்டை, படகுக்கு எதற்குக் கண் என்று கேட்டேன், வழி தெரிய வேணாமா, கண்ணு இல்லன்னா தொலைஞ்சு போயிரும்ல என்றாள் லுவா, ஒரு குழந்தைக்குச் சொல்வது மாதிரி.

வியாழக்கிழமை வகுப்பில் நான் கென்னின் சிவப்பு டை மாதிரியே ஒன்று கட்டியிருக்கிறேன், இங்கிலாந்துக்காரர் கடைசி பெஞ்சில் லுவாவின் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார், முகம் வேகவைத்த இறால் மாதிரி சிவந்திருக்கிறது, இது ஆப்பிள் என்கிறேன், ஒருவரும் கீப்பிள் என்று சொல்லவில்லை, அப்படிச் சொல்லக் கூடாது என்று காய் மிரட்டி வைத்திருக்கிறார், அறை செத்துப்போய்க் கிடக்கிறது, இங்கிலாந்துக்காரர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பேனரை நினைத்துக்கொண்டிருக்கலாம், பிறகு மெதுவாகத் திரும்பி லுவாவிடம் கேட்டார், உங்கள் ஆசிரியருக்கு எந்த ஊர் என்று தெரியுமா. வாசலில் காய் சத்தமில்லாமல் வாயை லண்டன், லண்டன் என்று அசைக்கிறார், மீன் மாதிரி, லுவா எழுந்து நிற்கிறாள், பாவாடையில் கையைத் துடைத்துக்கொள்கிறாள், என்னைப் பார்க்கிறாள், பேருந்து உறுமிக்கொண்டிருக்கிறது, என் மடி சூடாக இருக்கிறது, லுவா தெளிவான இங்கிலீஷில் சொல்கிறாள், லண்டன் கிண்டன். வகுப்பில் முப்பது பேரும் ஒரே நேரத்தில் மேஜையைப் பார்த்தார்கள், தோள்கள் குலுங்கின, மன்னிக்கவும், என்ன சொன்னீர்கள் என்றார் அவர், லண்டன், கிண்டன் என்றாள் லுவா மறுபடி, இந்த முறை நடுவில் ஒரு கமா போட்டு. ஓ, கிண்டன், அவர் நெற்றியைச் சுருக்கினார், என் பக்கம் திரும்பினார், வடக்குப் பக்கமா என்றார், இல்லை, இன்னும் கொஞ்சம் தள்ளி என்றேன், நான் அந்தப் பக்கம் போனதே இல்லை என்றார், யாரும் போவதில்லை சார் என்றேன், சின்ன ஊரோ, அப்படிச் சொல்ல முடியாது, நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி வந்தது, கேட்கத் தயங்கிய ஒன்றுக்குப் பதில் கிடைத்துவிட்டதுபோல, அதான் உச்சரிப்பு வேறு மாதிரி இருக்கிறது, வடக்கே அந்தப் பக்கத்துக்காரர்கள் பேசினால் எனக்கே பாதி விளங்காது என்று சொல்லிக் கைகுலுக்கினார், வடக்கு இல்லை என்று நான் சொன்னது கிண்டன் வழக்கில் அவருக்கு விளங்காமல் போயிருக்கலாம், காய் வாசல் நிலையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் லுவா என் கிண்ணத்தில் ஒரு எலும்புத் துண்டு கூடுதலாகப் போட்டாள், நீங்க லண்டன் இல்லன்னு சோறு பிசஞ்ச அன்னைக்கே தெரியும் தாய், லண்டன்னு சொன்னா பொய்யி, இல்லன்னு சொன்னா நீங்க போயிருவீங்க, ரெண்டும் வேணாம்னு கிண்டனச் சேத்துக்கிட்டேன், தப்பா கிப்பா. தப்பில்லை என்று எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னேன், படகில் வந்த ஒரு வெள்ளைக்காரி கிண்ணத்தைப் பார்த்து விரலை நீட்டினாள், லுவா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சூப் கீப் என்ன வேண்டும், வாயைத் திறந்து கேள் என்றாள், அவள் மிரண்டுபோய்க் கேட்டாள், இல்லை, தீர்ந்துவிட்டது என்றாள் லுவா, மகிழ்ச்சியாக. போன் அடித்தது, சாப்ட்டியா கீப்ட்டியாடா, சாப்பிட்டுக்கிட்டே இருக்கேம்மா, ஒங்கூரு பேரு என்னடா, பரமேஸ்வரி கேக்குறா, எனக்கு வாயில நொழையல, கிண்டன்மா என்றேன், கிண்டனா, லண்டன் பக்கமா, பக்கத்துலதாம்மா, ஒட்டிக்கிட்டே இருக்கு, அப்ப சரி என்றாள் அம்மா, குரலில் புதிதாக ஒரு மிடுக்கு, அந்தப் பேரைத் தூக்கிக்கொண்டு செருப்பு மாட்டுகிற சத்தம்கூடக் கேட்டது.

காய்க்கு இப்போது பேனரின்மேல் பக்தி வந்துவிட்டது, இனி யாரும் கேள்வி கேட்கக் கூடாது, முகத்தையும் உனக்குப் பொருத்தமாக மாற்றிவிடுகிறேன் என்று படகுத்துறையிலிருந்து பெயிண்டரைக் கூட்டிவந்தார், அவர் படகுகளைத் தவிர வேறெதையும் வரைந்தறியாதவர், படகின் அடிப்பாகத்துக்குப் பூசுகிற கருநிறத்தைக் கென்னின் கன்னத்தில் பூசினார், பொன்முடியிலும் பூசினார், இல்லாத கண் வரைந்தார், இருந்த கண் அதற்கு ஜோடியாக இல்லை என்று அதையும் அழித்து வரைந்தார், லுவாவும் நானும் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறோம், இப்போது கென்னுக்கு இரண்டு கண்ணும் இருக்கிறது, வெள்ளை வட்டம், நடுவே கரிய உருண்டை, சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு, கீழே லண்டன், அதை ஒட்டிச் சிவப்புப் பெயிண்டில் கிண்டன், ஆற்றிலிருந்து காற்று அடிக்கிறது, பேனர் பாய்போலப் புடைக்கிறது, கென் கரையைவிட்டுக் கிளம்பப் பார்க்கிறார், நாலு மூலையிலும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறது.