விரத நாளில் வச்சிரம்

என் புருஷன் சின்னனுக்குப் பொய் சொல்ல வராது. வாயைத் திறந்தாலே முகம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் அந்த ஜனவரியில் வாயைத் திறக்காமல் இழைப்புளியை வைத்துப் பொய் சொன்னார்.

லாங் மவுண்டனில் எங்கள் வீட்டை ஒட்டியே அவருடைய தச்சுப் பட்டறை. கட்டில், கதவு, அலமாரி செய்வார். கிதார் செய்வது ஒரே ஒருவனுக்காக, ஜான்-பியேருக்காக. சின்ன வயதிலிருந்தே ஒட்டிக்கொண்ட சிநேகம். அவன் வாசிப்பான், இவர் தாளம் தப்பிப் பாடுவார், நான் கதவைச் சாத்திக்கொள்வேன்.

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்றதும் ஊரில் பலர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். ஜான்-பியேர் குடும்பத்துக்கும் மார்ச்சில் கப்பல். போகுமுன் ஒரு கிதார் வேண்டும் என்றான். அதன் பின்பலகைக்கு, கரோல் புயலில் நொறுங்கிய அவன் அம்மாவின் அலமாரியிலிருந்து நாட் என்ற எங்கள் காட்டு மரத்தின் பலகை ஒன்றைக் கொண்டுவந்தான். மிஞ்சியது அந்த ஒன்றுதான்.

சின்னன் அதைக் கனம் பாதியாக அறுத்து, புத்தகம் போல விரித்தார். இரண்டு பக்கமும் ஒரே ரேகை ஓடியது. இனி இரண்டு விளிம்பையும் இழைத்து நடுவில் ஒட்ட வேண்டும். பலகைகளைச் சேர்த்து ஜன்னலுக்கு நேரே பிடித்தால் நடுவில் வெளிச்சம் கசியக் கூடாது. கசிந்தால் மறுபடி இழைக்க வேண்டும்.

அவர் இழைத்தார், பிடித்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், மறுபடி இழைத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

"சரியாத்தானே இருக்கு?"

"உனக்குத் தெரியாது தனம். இன்னும் இருக்கு."

மறுநாளும் அதே கதை. கிதாரின் காகித அச்சைப் பலகைமேல் வைத்துப் பார்த்தேன். முதலில் இரண்டு பக்கமும் தாராளமாக இருந்த மரம் இப்போது நகக்கண் அளவுதான் மிச்சம். இன்னும் நாலு இழைப்பு இழைத்தால் பலகை கிதாருக்கு ஆகாது. வேலை முடிந்தால் ஜான்-பியேர் போய்விடுவான். முடியாவிட்டால் மட்டும் கப்பல் நிற்குமா? இந்த மனுஷன் கிதாரைச் செய்யவில்லை, தேய்த்துத் தீர்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் கோவிலில் கொடியேறிவிட்டது. தைப்பூசக் காவடி விரதம், ஊர் வாயில் கரேம். போன வருடம் நான் காய்ச்சலில் பிழைத்ததற்காக அவர் எடுக்கும் காவடி. விரத நாட்களில் எங்கள் வீட்டில் மச்சம் மாமிசம் கிடையாது. தச்சு வேலைக்கு வைத்திருக்கும் வச்சிரத்தையும் தொடமாட்டோம். எலும்பும் தோலும் காய்ச்சிய பசை அல்லவா? சட்டியைச் சாக்கில் கட்டி வேலியோரம் வைத்துவிடுவோம்.

"இப்ப ஒட்ட முடியாதே, கரேம் வந்திருச்சே," என்றார். குரலில் அப்படி ஒரு நிம்மதி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய் ஜான்-பியேரை அழைத்து வந்தேன்.

அவன் பலகைகளை ஜன்னலில் பிடித்துப் பார்த்தான்.

"வெளிச்சம் இல்லையே, சின்னன்."

"இருக்கு."

"எங்க, காட்டு."

சின்னன் காட்டவில்லை. தரையில் குவிந்திருந்த மரச்சுருளையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது. ஜான்-பியேர் வேலியோரம் போய்ச் சாக்கை அவிழ்த்தான்.

"பெல்சேர், கொஞ்சம் கரி குடு. நானே ஒட்டறேன்," என்றான் என்னிடம். அண்ணியை அவன் பாஷையில் அப்படித்தான் கூப்பிடுவான்.

முற்றத்தில் கரியடுப்பு மூட்டி வச்சிரத்தைக் காய்ச்சி, பட்டறைக்குள் கொண்டுபோனான். சின்னன் வாசற்படிக்கு வெளியே நின்று அதிகாரம் செய்தார். "ஒரு பலகையைப் பிடிகருவியில் நிறுத்து. விளிம்பில் தடவு. மத்ததை மேலே வச்சுத் தேய். சீக்கிரம், ஆறிடும்! அய்யோ, சாயுதுடா!"

ஜான்-பியேரின் கை கிதார் வாசிக்கத்தான் லாயக்கு. மேல்பலகை வழுக்கியது. வச்சிரம் ஆறினால் எல்லாவற்றையும் சுரண்டி மறுபடி இழைக்க வேண்டும். அதற்கு இனி மரம் இல்லை.

சின்னன் ஒரே தாவில் உள்ளே வந்தார். அவன் கைமேல் தன் கையை வைத்து, பலகையை நிமிர்த்தி, முன்னும் பின்னும் தேய்த்து அழுத்தினார். விரலிடுக்கில் வச்சிரம் வழிந்தது. விரதம் போச்சே என்றிருந்தது எனக்கு. அடுத்த நொடி, வேண்டுதல் எனக்காக எடுத்ததுதானே, முருகன் கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"பிடிச்சிருச்சு, மோ ஃப்ரேர்," என்றான் ஜான்-பியேர், கூடப்பிறந்தவனிடம் சொல்வதுபோல. "கையை எடு."

"இன்னும் கொஞ்ச நேரம்."

வச்சிரம் எப்போதோ பிடித்துவிட்டது. பலகை இம்மியும் அசையவில்லை. அவர் கையை எடுக்கவில்லை. அடியிலிருந்த கையும் வெளியே வரப் பார்க்கவில்லை. வச்சிரம் பட்ட தீட்டுப் போக அவர் தலை முழுகத் தண்ணீர் எடுத்துவைக்கப் போனேன்.