கடல் தாண்டிக் கேட்ட மாத்து

"கட்டாடி, உன்ட மகள் எப்ப போன் எடுப்பாள்?"

சீதேவி கேட்டுக்கொண்டே வாசலுக்கு வந்ததும் நல்லரத்தினம் அவசரமாக எழுந்தார். அவருடைய தகரக் கொட்டில் நின்ற தென்னை வளவு, ஊரின் பெரிய காணிக்காரரான போடியாரின் விதவையான அவளுடையது. சுனாமி அவருடைய வீட்டையும் மனைவியையும் கொண்டுபோன பிறகு, மூலையில் இருந்துகொள் என்று அவள் வாயால் சொன்னதுதான். காணி உறுதிப் பத்திரம் எதுவும் கிடையாது. அன்றிலிருந்து அவள் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததுமில்லை. கதிரையைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. அவரைவிட வயதில் இளையவள்தான். ஆனால் செட்டிபாளையத்தில் அவருக்கு ஒரு பெயர் இருப்பது வாக்காளர் இடாப்புக்கு மட்டும் தெரிந்த சங்கதி. ஊருக்கு அவர் துணி வெளுக்கிற கட்டாடி.

"இண்டைக்கு ஞாயிறுதானேம்மா. இப்ப எடுப்பாள்."

"நல்லதாப் போச்சு. ரதீஸ்ட மூத்தவள் பெரியபிள்ளையாயிட்டாள்."

சீதேவியின் மகன் ரதீஸ் நோர்வேயில் இருக்கிறான். அதே நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குத்தான் நல்லரத்தினத்தின் மகள் பிரஷாந்தி ஒரு வருடப் பரிமாற்ற மாணவியாகப் போயிருந்தாள். பூப்புச் சடங்குக்கு மண்டபம் எடுத்தாயிற்று, கேக்கும் சொல்லியாயிற்று. ஒன்றுதான் குறை. தண்ணீர் வார்த்த பிள்ளை உடுத்துவதற்குக் கட்டாடி வீட்டுப் பெண் வெளுத்த சேலை கொண்டுவர வேண்டும். அதற்குப் பெயர் மாத்து; செத்தவீட்டுக்கும் கட்டாடிதான் மாத்துக் கொடுக்க வேண்டும். மாத்து இல்லாத சடங்கை ஊர் சடங்காகவே எடுக்காது.

"அங்க வண்ணாத்தி இல்லாம ரதீஸ் அந்தரப்படுறான். சாமி பாத்துத்தான் உன்ட மகள அனுப்பியிருக்கார். அவள் மாத்துக் கொண்டு போகட்டும். சாப்பாட்டக் கட்டிக் குடுக்கச் சொல்றன்."

சண்டைக் காலத்தில் குப்பி விளக்கில் படித்து அந்தப் பெண் வாங்கிய புலமைப்பரிசில் எதற்காக என்று சாமிக்கும் சீதேவிக்கும் மட்டும் தெரிந்திருந்தது.

நல்லரத்தினம் கைபேசியை எடுத்து வைத்துக்கொண்டார். போன ஞாயிறு மகள் சொன்னதெல்லாம் நெஞ்சுக்குள் ஓடியது. "அப்பா, இஞ்ச ஒருத்தரும் அடையாள அட்டை கேக்கிறாங்களில்ல. லைப்ரரிக்குள்ள பையோட போகலாம். புரபெசரப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்றார், எனக்கு வாய் வருகுதில்ல. இரவாகியும் வெயில் போகுதில்ல. ஹொஸ்டலுக்குக் கீழ உடுப்புத் தோய்க்கிற அறை இரிக்கி. ஒரு நீதவான்ட மகன் தன்ட பெட்சீற்றத் தானே தோய்ச்சு மடிக்கிறான், அப்பா." அதைக் கேட்டு அவர், "அப்ப அங்க கட்டாடி என்ன செய்றார்?" என்று உண்மையாகவே கேட்டார். மகள் சிரித்தாள். பிறகு அழுதாள்.

கைபேசி அடித்தது. சீதேவி ஸ்பீக்கரில் போடச் சொல்லி, விஷயத்தைத் தானே சொன்னாள்.

"மாமி," என்றாள் பிரஷாந்தி. அம்மா என்று மட்டுமே கூப்பிடப் பழக்கப்பட்ட பிள்ளை.

"ஆருக்கு மாமி?"

"வந்த கிழமையே ரதீஸண்ணன் வீட்டுக்குப் போனன், நம்மட சோறு திங்கிற ஆசையில. எல்லாருக்கும் பீங்கான்ல போட்டாங்க, எனக்குக் கடதாசித் தட்டுல. இந்த நாட்டுல நான் ஆரெண்டு பாத்த வீடு அது ஒண்டுதான்."

"அதெல்லாம் இப்ப என்னத்துக்கு? மாத்துக்கு என்ன சொல்றாய்?"

"எங்கட ஹொஸ்டல்ல மெஷின் இரிக்கி. அண்ணி சேலையக் கொண்டு வந்தா எப்படிப் போடுறதெண்டு காட்டித் தாறன். மறுகா அவவே பிள்ளைக்கு உடுத்தட்டும். சடங்குக்குக் கூப்பிட்டா வருவன், மத்தாக்களோட இருந்து சாப்பிட."

சீதேவி கைபேசியைப் பார்க்காமல் நல்லரத்தினத்தைப் பார்த்தாள். "இந்த வளவு ஆருட எண்டு மகளுக்குச் சொல்லி வை," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும், இன்றைக்கு வளவை விட்டு எழும்பச் சொல்லுவாள் என்றே அவர் கண் விழித்தார். ஆனால் யாரும் வரவில்லை. ஒரு நாள் கோயிலடித் தேநீர்க் கடையில் அழகரத்தினம் அவருடைய வழக்கமான சிரட்டையில் தேநீரை ஊற்றியபடி சொன்னான்:

"கட்டாடி, சடங்குக்கு உன்ட மகள்தானாம் மாத்துக் கொண்டு போனது. சீதேவியக்கா ஊரெல்லாம் சொல்றா. எவ்வளவு படிச்சும் வழமைய மறக்கல்ல, நல்ல பிள்ளை."

நல்லரத்தினத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவரை வளவை விட்டு எழுப்பினால் சனம் ஏன் என்று கேட்கும். கேட்டால், மாத்து இல்லாமலே போடியார் வீட்டுச் சடங்கு நடந்தது வெளியே வரும். அந்தப் பொய் இருக்கும்வரை அவருடைய கொட்டிலுக்குப் பயமில்லை. வாயை மூடிக்கொண்டு சாகும்வரை இருக்கலாம். மகளும் சாகும்வரை ஊரில் மாத்துக் கொண்டு போனவளாகவே இருப்பாள். அவர் சிரட்டைத் தேநீரைக் குடிக்காமலே வைத்துவிட்டு எழுந்தார்.

அடுத்த நாள் பகலில், ஊர் பார்க்கவே, தகரங்களைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார். உன்னிச்சைக் கிராமத்தில் அவருடைய தங்கை இருந்தாள். சனம் கூடியது. சீதேவி மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"இப்ப ஆர் உன்னப் போகச் சொன்ன? சனம் என்ன நினைக்கும்?"

அவர் கடைசித் தகரத்தை ஏற்றிவிட்டுத் திரும்பினார். "கடல் வந்த அண்டு உங்கட போடியாரையும் என்ட மனிசியையும் ஒரே குழியிலதான் போட்டு மூடின. அண்டு ஒருத்தரும் எனக்கிட்ட மாத்துக் கேக்கல்ல."

சீதேவி சனத்தைத் திரும்பிப் பார்த்தாள். அழகரத்தினம்தான் கேட்டான்: "இருக்கிற இடத்த விட்டுட்டு ஏன் போறாய், கட்டாடி?"

"என்ட பேர் நல்லரத்தினம்," என்றார் அவர், எல்லாருக்கும் கேட்கும்படி. "என்ட மகள் மாத்துக் கொண்டு போகல்ல."