நாலு மணித் திமில்

கப்பலின் மூக்கு நுனியில் ஒரு புனல், புனலிலிருந்து ஒரு குழாய், குழாய் முடியும் அறையில் ஒரு கருவி, கருவிக்கு முன்னால் ஒரு பெண். காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று நாள் முழுக்க அளப்பதுதான் அவள் வேலை. கப்பல் வெந்நீரோட்டத்தைத் தாண்டிக் குளிர்நீரோட்டத்துக்குள் நுழைந்ததும், குளிர்ந்த நீர் வாயுவை உறிஞ்சுவதால், அளவு லேசாக இறங்க வேண்டும். சொன்ன பேச்சு கேட்டு இறங்கியும் இருந்தது. ஆனால் நாலு நாளாக, மாலை நாலு மணியானால் திரையில் கோடு ஒட்டகத் திமில் மாதிரி எழும்பியது.

"கடலுக்கு மணி பாக்கத் தெரியுமா?" என்றார் தலைமை விஞ்ஞானி. "நாளைக்கும் இது வந்துதுன்னா, கருவியையும் உன்னையும் அடுத்த துறைமுகத்துல இறக்கிடுவேன்."

கருவியைக் கழற்றி மாட்டினாள். குழாயில் ஓட்டை தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. மறுநாள் மூன்றே முக்காலுக்கே புனல் இருக்கும் மூக்கு நுனிக்குப் போய்க் கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டாள்.

நாலு அடித்ததும் வந்தார் கப்பலின் சமையல்காரர். அவளுடைய மாமனார். புனலுக்கு நேரே நின்று, கண்ணை மூடி, நெஞ்சு முட்ட மூச்சை இழுத்தார்.

"மாமா! தள்ளி வாங்க!"

அவர் துள்ளி விலகினார். "ஏம்மா பயமுறுத்துறே? டாக்டர் மூச்சுப் பயிற்சி பண்ணச் சொல்லியிருக்காரு."

"அதை இங்கதான் பண்ணணுமா?"

"நீதானே போர்டு மாட்டி வச்சிருக்கே!"

புனலுக்கு மேலே அவள் கையெழுத்திலேயே இருந்தது: 'சுத்தமான காற்று எடுக்கும் இடம்.'

மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். மாமனாரைத் திட்டவா முடியும்? "உங்க மூச்சுதான் மாமா என் வேலைக்கு உலை வைக்குது. தலைவருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும். மூச்சு விடாதீங்க."

"விடவே மாட்டேன்!"

கீழே வந்தால், திரைக்கு முன்னால் தலைவர். கோடு பாய் விரித்த மாதிரி படுத்திருந்தது.

"எப்படிச் சரி பண்ணினே?"

அவள் பதிவேட்டைப் புரட்டினாள். அதற்குள் டீத் தட்டோடு வந்து நின்றார் மாமனார். கன்னம் இரண்டும் உப்பி, முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது.

"இவருக்கு என்ன ஆச்சு?"

"ஐயோ மாமா, மூச்சு விடுங்க!"

"அப்பாடா! நாலு நாளா புனல்ல ஊதினது நான்தான் சார்! மருமக மூச்சு விடாதீங்கன்னு சொன்னா, வாயைத் திறக்கலை. இப்ப அவளே விடச் சொல்லிட்டா."

தலைவர் சிரித்த சிரிப்பில் அவர் கையில் எடுத்த டீ பாதி தட்டில் கொட்டியது. பதிவேட்டை இழுத்து, 'நாலு மணித் திமில்: சமையல்காரர்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"நீ இறங்க வேண்டாம்மா. முதல்ல அந்த போர்டை இறக்கு."