அரிக்காத கை

இந்தக் காலத்து ஜனங்களுக்குச் சொறிந்துகொள்ளக்கூட ஒரு இங்கிதம் கிடையாது என்பது மேஸ்திரியின் கட்சி. அவர் காலத்தில் உடம்பு அரித்தால் ஆள் ஒதுங்கிப் போவான். கதவுக்குப் பின்னால் நின்று ஆசை தீரச் சொறிந்துவிட்டு, ஒன்றும் நடக்காதவன் மாதிரி வெளியே வருவான். இங்கே என்னடாவென்றால், நடுக்கூடத்தில், டிவிக்கு முன்னால், ஆம்பளை பொம்பளை பேதமில்லாமல் பரக் பரக்கென்று சொறிகிறார்கள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவர் ஒருவர் இருக்கிறார், சீட்டாட்டத்தின் நடுவே கைச்சீட்டைக் கீழே கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் சொறிவார். "ஆட்டத்தைப் பாருய்யா" என்றால், "இரு மேஸ்திரி, வண்டி இன்னும் ஸ்டாப்புக்கு வரல" என்பார்.

அந்த முதியோர் இல்லத்தில் அரிக்காத ஆள் மேஸ்திரி ஒருவர்தான். அதைச் சொல்லிக்காட்ட அவர் தயங்கியதும் இல்லை.

"சிமெண்டும் சுண்ணாம்பும் பாத்த தோலு. கொசு கடிச்சா கொசுவுக்குத்தான் வாய் வலிக்கும்."

ஆயுசு முழுக்கக் கரண்டி பிடித்துச் சுவர் எழுப்பிய கைகள். விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் காரை பூசினாற்போல் சாம்பல் நிறத்தில் தடித்து, காய்ந்து, அங்கங்கே வெடித்திருந்தன. காலையில் எழுந்தால் விரிப்பில் தவிடு கொட்டினதுபோல் உதிர்ந்து கிடக்கும். துண்டால் தட்டித் தரையில் தள்ளிவிடுவார். "பழைய கட்டடம், பூச்சு உதிரத்தான் செய்யும்." குளிப்பாட்ட வருகிற பணிப்பெண்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். அடுத்தவர் கையால் குளிக்கிற நிலைமை வந்தால் அன்றைக்குத் தன்னைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்பார்.

அவருடைய அறையில் இன்னொரு கட்டில் டெய்லருடையது. நூறு ஊருக்குச் சட்டை தைத்த மனிதருக்கு இப்போது கை நடுக்கம். சொந்தச் சட்டைக்குப் பட்டன் போட வராது. காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நெஞ்சை நிமிர்த்திக் காட்டுவார். மேஸ்திரி எதிரே குனிந்து, கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகப் போட்டுவிடுவார்.

"காஜா கொஞ்சம் இறுக்கமோ?" என்று கேட்பார் டெய்லர்.

"உன் தொப்பைதான் தளர்ச்சி. மூச்சைப் பிடி."

கக்கூசுக்குக் கைப்பிடித்துக் கூட்டிப் போவதும், முதுகு தேய்த்துவிடுவதும் மேஸ்திரிதான். இதைத் தன் வாயால் அவர் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். அந்த இல்லத்தில் அவருக்கென்று இருந்த மரியாதை அந்தப் பட்டன்களில்தான் இருந்தது.

வாராவாரம் ஒரு நர்சம்மா வருவார். நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. குழாயடியில் நின்று கை கழுவச் சொல்லித் தருவார். விரல் நுனி, கட்டைவிரல், இடுக்கு என்று ஒன்று விடமாட்டார். சோப்பம்மா என்று அவருக்குப் பெயர் வைத்ததே மேஸ்திரிதான். "அஸ்திவாரம் தோண்டின கை. இதைக் கழுவ இந்தம்மா எனக்குப் பாடம் எடுக்குது."

ஒருநாள் சோப்பம்மா எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தார். கூடவே மேனேஜரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

"இது சிரங்குங்க," என்றார் சோப்பம்மா. "கண்ணுக்குத் தெரியாத பூச்சி. தோலுக்குள்ள வளை தோண்டிக்கிட்டுக் குடியிருக்கும். தொட்டுப் பழகினா பரவும். அழுக்கா இருக்கிறவங்களுக்குத்தான் வரும்னு நினைக்காதீங்க, யாருக்கு வேணும்னாலும் வரும். அதனால அரிக்கிறவங்க, அரிக்காதவங்க, வேலை செய்யறவங்க, எல்லாரும் ஒரே நாள்ல கழுத்துலேருந்து கால்வரைக்கும் மருந்து பூசணும். ஒருத்தர் விட்டாலும் திரும்பி வந்துரும்."

"எனக்கு எதுக்கு?" என்றார் மேஸ்திரி. "ஒழுகுற வீட்டுக்குத் தார் பூசு. ஒழுகாத வீட்டுக்கு என்னத்துக்கு?"

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு வந்தால் மேஸ்திரிக்கு நாக்கு நிற்காது.

"இத்தனை வருஷம் இல்லாத சிரங்கு இப்ப எப்படிம்மா வந்துச்சு? புதுசா ஆள் வந்தா புதுசா வியாதி வரும். அந்தப் பொண்ணு கையைப் பாருங்க."

தேநீர்த் தட்டோடு ஓரமாக நின்றிருந்தாள் அந்தப் பெண். மேஸ்திரியின் அறை உட்பட அந்தப் பக்கத்து அறைகளைப் பெருக்கி, விரிப்பு மாற்றுகிற வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. விரலிடுக்குகளில் சிவப்புப் புள்ளிகள். கூடமே திரும்பிப் பார்த்ததும் கையைத் தட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு இங்க வந்தப்புறம்தான் சார் அரிக்க ஆரம்பிச்சுது," என்று மேனேஜரிடம் சொன்னாள். சத்தம் பாதிக்கு மேல் எழும்பவில்லை.

"அவங்களை அனுப்பாதீங்க, மருந்து பூசிட்டா மறுநாளே வேலைக்கு வரலாம்," என்று சோப்பம்மா சொல்லிப் பார்த்தார். மேனேஜருக்கோ, பெற்றவர்களை இங்கே விட்டுப் போன பிள்ளைகள் என்ன கேட்பார்களோ என்ற கவலை. "நீ கொஞ்ச நாள் வீட்லயே இரும்மா. கூப்பிடறப்ப வரலாம்," என்றுவிட்டார்.

மேஸ்திரிக்கு அந்த நேரத்தில் ஒன்று தெரியும். அந்தப் பெண் வேலைக்கு வருவதற்கு முன்பே டெய்லர் அரிக்கிறது என்று அவரிடம் சொல்லியிருந்தார். தூக்கம் வராமல் கட்டில் சட்டத்தில் முதுகைத் தேய்த்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தவர் அவர்தான். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டார். எல்லோரும் தன் பேச்சுக்குத் தலையாட்டும்போது அதைப் போய் யார் கெடுத்துக்கொள்வார்கள்?

பையை எடுத்துக்கொண்டு வெளியே போகும்போது அந்தப் பெண் சீட்டாட்ட மேஜையருகே நின்றாள்.

"தாத்தா, நான்தான் கொண்டு வந்தேன்னு பாத்தீங்களா?"

மேஸ்திரி கையிலிருந்த சீட்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். அவள் சற்று நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மருந்து பூசுகிற நாளில் இல்லமே எண்ணெய்ச் சட்டி மாதிரி வழுவழுத்தது. மேஸ்திரி தன் பங்கை வாங்கிக்கொண்டு, "நானே பூசிக்கிறேன், எவளும் உள்ள வரவேணாம்" என்று குளியலறைக் கதவைச் சாத்தினார். மருந்து ட்யூபை அழுத்தி மொத்தத்தையும் சாக்கடை ஓட்டையில் விட்டு, தண்ணீர் ஊற்றினார். வெளியே வந்து, "ஆச்சு" என்றார்.

கொஞ்ச நாள் கூடம் அடங்கியிருந்தது. பிறகு பழையபடி ஆரம்பித்தது. மற்றவர்களுக்குச் சுமாராக, டெய்லருக்கு மோசமாக. கெண்டைக்காலில் சொறிந்த இடம் புண்ணாகி, சீழ் வைத்து, கால் வீங்கிக் காய்ச்சல் அடித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வண்டி வாசலில் நின்றபோது சோப்பம்மா அவர் பக்கத்தில் குனிந்தார்.

"ஐயா, உங்களை அதிகமா தொட்டுப் பாத்துக்கிறது யாரு?"

காய்ச்சலிலும் டெய்லருக்குப் பெருமை தாங்கவில்லை. "மேஸ்திரிதாம்மா. அவரு இல்லாட்டி நான் சட்டை போடாத ஆளு."

சோப்பம்மா திரும்பினார். "உங்க கையைக் காட்டுங்க."

"எனக்குத்தான் அரிக்கலையே."

"காட்டுங்க."

அந்தக் குரலுக்கு அவர் காட்டிவிட்டார். சோப்பம்மா கையுறை போட்டுக்கொண்டு விரலிடுக்கைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "அரிக்கிறவங்களை மட்டும் உடம்பு பாத்தேன். அது என் தப்பு," என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். சின்னக் கத்தியால் செதில் கொஞ்சம் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து, இல்லத்து டாக்டர் அறையிலிருந்த மைக்ராஸ்கோப்பின் கீழ் தள்ளினார்.

"நீங்களே பாருங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க."

சுவர் நேராக இருக்கிறதா என்று தூக்குக்குண்டைப் பார்ப்பதுபோல் மேஸ்திரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். ஆமை மாதிரி உருண்டையாக ஒன்று கிடந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்று. முதலாவது காலை அசைத்தது.

"இது எத்தனை இருக்கும்?"

"மத்தவங்க உடம்புல பத்து, பதினஞ்சு இருக்கும். உங்க கையில ஆயிரக்கணக்குல இருக்கு. வயசான சிலருக்கு அரிக்காமலே இப்படித் தடிச்சு ஏறிடும். உதிர்ற செதில்லகூட உயிரோட இருக்கும்."

அவர் தினமும் தட்டித் தரையில் தள்ளிய தவிடு. அதை யாரோ ஒருத்தி பெருக்கி அள்ளியிருக்கிறாள். அவர் விரிப்பை யாரோ ஒருத்தி சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு போயிருக்கிறாள். அந்த அறைக்கு யார் வேலை பார்த்தது என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்ப டெய்லருக்குப் பட்டன் போடறப்ப..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

அவரைக் கோடியில் தனி அறைக்கு மாற்றினார்கள். கூடத்தில் காய்ச்சல் என்று மட்டும் மேனேஜர் சொல்லி வைத்தார். இந்த முறை சோப்பம்மா மேனேஜரை விடவில்லை. இல்லத்துக்காரர்கள், வேலையாட்கள் எல்லோருக்கும் திரும்ப மருந்து கொடுக்க வைத்து, அனுப்பிய பெண்ணையும் வரவழைத்தார். கோடி அறைக்கு மருந்துக் கிண்ணத்தோடு வந்தது அவள்தான். கையுறை, மேலங்கி எல்லாம் போட்டிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது. அதிலேயே அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

எவளும் தொடக்கூடாது என்று வீறாப்பாக இருந்த உடம்பில், அவள் காது மடலிலிருந்து பூச ஆரம்பித்தாள். கழுத்து, அக்குள், இடுப்பு மடிப்பு, கால் விரலிடுக்கு. நகத்தடியில் சின்ன பிரஷ்ஷால் தேய்த்தாள். மேஸ்திரி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மூலையில் பூச்சு விரிசல் விட்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் அந்தக் கொத்தனைத் திட்டியிருப்பார்.

"நான்தான் உன்னைச் சொன்னேன்னு தெரியும்ல?"

"தெரியும். திரும்பிப் படுங்க."

திரும்பிப் படுத்தார். முதுகில் அவள் கை மேலும் கீழும் போனது, வேகமும் இல்லை, மெதுவும் இல்லை. இரண்டு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

மருந்தும் மாத்திரையுமாகப் பல சுற்று ஆகி, பூச்சியில்லை என்று சோப்பம்மா சொன்ன பிறகுதான் அவரைக் கூடத்துக்கு விட்டார்கள். கைகளில் தடிப்பெல்லாம் உரிந்து, புதுத்தோல் வந்திருந்தது. டெய்லரும் திரும்பி வந்து, காலில் கட்டோடு தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டை பட்டன் ஏறுமாறாக இருந்தது.

அந்தப் பெண் தேநீர்த் தட்டோடு வந்தாள். கண்டக்டர் டிவியைப் பார்த்தார். பக்கத்திலிருந்த அம்மாள், "இப்பத்தான் குடிச்சேன்" என்றாள். இன்னொருவர் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். தட்டில் ஒரு கோப்பைகூடக் குறையாமல் அவள் சுற்றி வந்தாள். இது புதிதல்ல என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

மேஸ்திரி எழுந்து நின்றார்.

"சிரங்கு அந்தப் பொண்ணுகிட்டருந்து வரல. என்கிட்டருந்து வந்துச்சு."

கண்டக்டர் டிவியிலிருந்து திரும்பினார். "யாரு, நீயா? கொசுவுக்கு வாய் வலிக்கும்னு சொன்ன ஆளா?"

"ஆமா."

"போய்யா. ஒரு தடவை சொறிஞ்சு பாத்திருக்கமா உன்னை? பொய் சொல்லவும் ஒரு மூஞ்சி வேணும் மேஸ்திரி."

"கையில இருந்துச்சுய்யா. ஆயிரக்கணக்குல."

"எங்க, காட்டு."

காட்டினார். குழந்தைக் கை மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது. கண்டக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பாவம், அந்தப் புள்ளைக்காகப் பழியைத் தன் தலைல போட்டுக்கறார்," என்றாள் அந்த அம்மாள். "பெரிய மனசு."

மேஸ்திரிக்குக் காது மடல் சுட்டது. இத்தனை நாள் அடித்துக்கொண்ட தம்பட்டம் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. இனி என்ன சொன்னாலும் மரியாதைதான் கூடும் போலிருந்தது. உட்கார்ந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அப்போது டெய்லர் வாயைத் திறந்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், துணி அளவு சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

"அந்தப் பொண்ணு வர்றதுக்கு முந்தியே எனக்கு அரிச்சுதே. மேஸ்திரிகிட்ட அப்பவே சொன்னேனே. இல்ல மேஸ்திரி? அன்னிக்கு நீ அவளைச் சொன்னப்ப, உனக்கு வேற ஏதோ தெரிஞ்சிருக்கும்னு நான் சும்மா இருந்துட்டேன்."

கண்டக்டரின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோனது. அந்த அம்மாள் மேஸ்திரியை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஆமா, சொன்னான். எனக்குத் தெரியும்," என்றார் மேஸ்திரி. "தெரிஞ்சுதான் சொன்னேன். கொடுத்த மருந்தையும் சாக்கடையில விட்டேன்."

கண்டக்டர் கையை நீட்டித் தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்தார். பிறகு அந்த அம்மாளும் எடுத்தாள். அந்தப் பெண் மேஸ்திரி முன்னால் வந்து தட்டை நீட்டினாள். அவர் எடுக்கவில்லை. மற்றவர்களுக்கு நீட்டிய நேரம்தான் அவருக்கும் நீட்டிவிட்டு, அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள்.

வெளியே குழாயடியில் சோப்பம்மா நின்றிருந்தார். உள்ளே நடந்தது காதில் விழுந்திருக்க வேண்டும்.

"யார்கிட்டருந்து வந்துச்சுன்னு நாங்க பாக்கிறதே தடுக்கத்தான், பழி போட இல்ல," என்றார். "உங்களுக்கும் யார்கிட்டருந்தோதான் வந்திருக்கும். இங்க யாருக்கும் அரிக்கிறதுக்கு முன்னாடி நெஞ்சு சளின்னு ஆஸ்பத்திரில படுத்திருந்தீங்களே, அங்க ஒட்டியிருக்கலாம். யார் தப்பும் இல்ல."

மேஸ்திரி குழாயைத் திறந்தார். விரல் நுனி, கட்டைவிரல், இடுக்கு.

"பூச்சி யார் தப்பும் இல்லம்மா. வாய்?"

சோப்பம்மா கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார். "டெய்லர் சட்டை கோணலா கிடக்கு," என்றார் பிறகு. "போய்ப் போட்டுவிடுங்க. இப்ப உங்க கை சுத்தமான கை. நான் பாத்துட்டேன்."

மேஸ்திரி ஈரக் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. அன்றைக்கும் ஒன்றும் இல்லையென்றுதான் அடித்துச் சொன்னார்.

"நீங்க பாத்துட்டுச் சொல்றீங்க. நான் பாக்காமலே சொன்னேன்," என்றார்.

கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கூடத்துப் பக்கம் திரும்பாமல், தாழ்வாரத்தின் வழியே நடந்து போனார்.