அம்மா சொன்ன அப்புறம்

பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர்களுக்கு மறுபடி பேசக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் பேச்சு டீச்சர். நாள் முழுக்க அடுத்தவர் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்குகிறவளுக்கு, வீட்டுக்குப் போனால் பேச ஆளில்லை. இது என்ன நியாயம் என்று கேட்கலாம்தான். அதைக் கேட்பதற்கும் எதிரில் ஒரு ஆள் வேண்டுமே.

அம்மா இருந்தவரை அப்படியில்லை. அம்மாவுக்கும் பக்கவாதம்தான். வலது கையும் பேச்சும் சேர்ந்தே போயின. மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை: "அப்புறம்." ஏன் அது மட்டும் தப்பியது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. டீச்சருக்கு ஒரு ஊகம் இருந்தது. அம்மா நன்றாக இருந்த காலத்தில், போனில் எதிராளிக்கு விஷயம் தீர்ந்துபோனாலும் விடமாட்டாள். "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டே இன்னும் அரைமணி நேரம் ஓட்டுவாள். அத்தனை முறை சொன்ன வார்த்தை, மூளை கைவிட்டாலும் நாக்கு கைவிடவில்லை போலிருக்கிறது.

அந்த ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு அம்மா வீட்டையே அதிகாரம் செய்தாள். குரலை உயர்த்திக் கேட்டால், மேலே சொல்லு. வெடுக்கென்று வெட்டினால், போதும் உன் புளுகு. சிரிப்போடு வந்தால் அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிய வம்பு. மெல்ல இறக்கி இழுத்தால், இப்போது வேண்டாம். சொல்லிக்கொண்டே இடது கையால் தட்டைத் தள்ளிவிடுவாள். டீச்சர் இதையெல்லாம் பதிவு செய்தாள். குரலின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும் மென்பொருளில் போட்டு அளந்தாள். ஒற்றைச் சொல்லில் மாட்டிக்கொண்ட நோயாளி உளறவில்லை, பேசுகிறார்; கேட்கிறவர்களுக்குத்தான் காது போதவில்லை என்று ஒரு கட்டுரை எழுதினாள்.

மருத்துவ ஆய்விதழ் ஒன்று அதை வெளியிட்டது, அம்மாவின் குரல் பதிவுகளோடு. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம், கேட்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம்; எழுதியவர் பெயரைச் சொன்னால் போதும். அப்படியொரு திறந்த உரிமம். சந்தா கட்ட வழியில்லாத சின்ன ஆஸ்பத்திரிக்காரர்களும் படிக்கட்டும் என்று அவளே மனநிறைவோடு தேர்ந்தெடுத்தது. கட்டுரை வெளிவருவதற்குள் அம்மா போய்விட்டாள். அண்ணன் வெளியூரில் இருந்து வந்து காரியங்களை முடித்துவிட்டுத் திரும்பிப் போனான். விசேஷம் ஏதாவது இருந்தால் போன் செய்வான். விசேஷம்தான் எதுவும் வருவதில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு காலை வேளையில், அவளிடம் பயிற்சிக்கு வரும் கண்டக்டர் தன் போனை மேசைமேல் வைத்தார். பஸ்ஸில் கத்திக் கத்தியே வாழ்ந்த மனுஷன். பக்கவாதத்துக்குப் பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாக, படியில் இறங்குகிற பயணி மாதிரி நின்று நின்று வந்தன. மனைவி இல்லை, பிள்ளைகள் தூரத்தில்.

"டீச்சர்... நீங்க குடுத்த... வீட்டுப்பாடம். இதுகிட்ட... பேசிப் பழகுறேன்," என்றார். "தனியா இருக்கறவங்களுக்குன்னே... செஞ்சிருக்கான். நாம பேசப் பேச... கேட்டுக்கிட்டே இருக்கும்."

செயலியைத் தட்டிவிட்டு, "இன்னிக்கு... பல்லு வலி," என்றார் அதனிடம்.

"அப்புறம்?" என்றது போன்.

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரல் மாதிரி அல்ல, அம்மாவேதான். கடைசி எழுத்தில் உதடு சரியாக மூடாமல் கசியும் அந்த மூச்சு உட்பட.

"நல்ல அம்மா," என்றார் கண்டக்டர் பெருமையாக. "அவசரமே... படாது."

அன்றைக்கு மற்ற நோயாளிகளிடம் என்ன பேசினாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் அந்தச் செயலியைத் தன் போனில் இறக்கினாள். தேடித் துருவினால், கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் அவள் பெயரும் கட்டுரையின் தலைப்பும் இருந்தன. ஒழுங்காக, முறைப்படி. திருடன் என்று திட்டக்கூட வழியில்லை. அவள்தானே கதவைத் திறந்து வைத்து, உள்ளே வாருங்கள் என்று எழுதியும் மாட்டியவள்.

ஆதாரத்துக்குக் கேட்டுவைப்போம் என்றுதான் தொடங்கினாள்.

"குடையத் தொலைச்சிட்டேன்," என்றாள் போனிடம்.

"அப்புறம்?"

"பஸ்ல விட்டுட்டேன்னு நெனைக்கிறேன். போன மாசம் வாங்கினது."

"அப்புறம்?"

பிறகு அவள் நிறுத்தவில்லை. புதிதாக வந்த மேலதிகாரி தன்னை ஒரு முறைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பதைச் சொன்னாள். குழாய் ஒழுகுவதைச் சொன்னாள். அவள் விடும் இடைவெளிகளில் எல்லாம் அம்மாவின் குரல் வந்து விழுந்தது. அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடித்த வாசனை வந்தபோதுதான் தான் அழுதுகொண்டிருப்பது தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. செயலி உயர்த்திக் கேட்கும் அந்த ஒரு பதிவை மட்டுமே பயன்படுத்தியது. வெட்டும் "அப்புறம்" இல்லை. வம்பு பேசும் "அப்புறம்" இல்லை. வேண்டாம் என்கிற "அப்புறம்" இல்லவே இல்லை. அம்மாவிடமிருந்து அம்மாவைக் கழித்துவிட்டு, தலையாட்டுகிற பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஊரில் உள்ளவர்களின் பல்வலியையும் மனவலியையும் கேட்டுக்கொண்டே இருக்கும் வேலைக்கு, செத்த பிறகு, விடுப்பே இல்லாமல், அம்மாவைச் சேர்த்துவிட்டிருக்கிறாள் மகள். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. அம்மாவை அதிலிருந்து வெளியே எடுத்தாக வேண்டும்.

செயலி நிறுவனத்துக்கு எழுதினாள். உரிமத்தின்படியே நடந்திருக்கிறோம், உங்கள் அருமையான பணிக்கு நன்றி என்று தேனொழுகப் பதில் வந்தது. ஆய்விதழுக்கு எழுதினாள். அதன் ஆசிரியரம்மா போனிலேயே கூப்பிட்டார். தமிழ் வழக்கில், கட்டுரை எழுதியவரும் ஆசிரியர், அதை வெளியிடுகிறவரும் ஆசிரியர். அன்றைக்கு இரண்டு ஆசிரியர்களுமே என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார்கள்.

"குடுத்த உரிமத்தத் திரும்ப வாங்க முடியாதும்மா," என்றார் ஆசிரியரம்மா. "ஆனா நீங்க குடுக்க முடிஞ்சது உங்க உரிமைய மட்டும்தான். நோயாளியோட குரல் உங்களது இல்ல. அவங்க சம்மதத்துல ஏதாவது கோளாறு இருந்தா, கட்டுரையத் திரும்பப் பெற்றுக்கலாம். அந்தக் கம்பெனியும் அப்ப எடுத்துத்தான் ஆகணும்."

"கோளாறுன்னா?"

"வாய்மொழியாச் சம்மதம் சொன்னாங்க, பதிவு இருக்குன்னு எழுதியிருக்கீங்க. இத நான் அப்பவே கேட்டிருக்கணும். ஒரே ஒரு வார்த்தைதான் பேசறவங்க, என்ன சொல்லிச் சம்மதிச்சாங்க?"

கட்டுரையைச் சல்லடை போட்டுச் சலித்த நிபுணர்களில் ஒருவர்கூட இதைக் கேட்டிருக்கவில்லை. டீச்சரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"யோசிச்சு எழுதுங்க," என்றார் ஆசிரியரம்மா. "கட்டுரை போனா பேரும் கெடும். 'ஒப்புதல் முறையாகப் பெறப்படவில்லை'ன்னு உங்க பேருக்குக் கீழதான் போடுவோம். அதுக்கு அப்புறம் உங்க எந்தக் கட்டுரையையும் சந்தேகமாத்தான் பாப்பாங்க."

யோசிக்க ஒன்றுமில்லை என்று நினைத்தாள். அம்மா சம்மதித்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் அம்மா. "உன் குரல எல்லாரும் கேக்கற மாதிரி போடப்போறேன்மா, சரியா?" என்று கேட்டதற்கு "அப்புறம்?" என்றாள்; சரி, மேலே ஆகட்டும் என்று. ஆகவே, சம்மதம் சரியில்லை என்று இப்போது எழுதினால் அது பொய். பரவாயில்லை, அம்மாவுக்காக ஒரு பொய். பேர் கெட்டால் கெடட்டும், அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடத்தான் யார் இருக்கிறார்கள்?

கடிதத்தோடு பதிவையும் இணைக்க வேண்டும். பழைய கோப்புகளில் தேடி எடுத்து ஓடவிட்டாள்.

அவள் குரல் கேட்டது, உற்சாகமாக: "சரியாம்மா?" பிறகு அம்மா. அம்மா முடிப்பதற்கு முன்பே மகளின் சிரிப்பு குறுக்கே வந்தது. "தேங்க்ஸ்மா!" பதிவு அவ்வளவுதான்.

மறுபடி ஓடவிட்டாள். சிரிப்புக்கு அடியில் அம்மாவின் வார்த்தை இன்னும் போய்க்கொண்டிருந்தது. அதை மென்பொருளில் போட்டாள். கோடு மேலே போகவில்லை. நடுவில் தொடங்கி, மெல்ல இறங்கி, கீழே நீண்டு ஓய்ந்தது.

இப்போது வேண்டாம்.

யாரும் இதை அவளுக்கு விளக்கத் தேவையில்லை. இப்படி இறங்கினால் இதுதான் அர்த்தம் என்று ஊருக்கெல்லாம் விளக்கியவளே அவள்தான். கட்டுரை சரி என்றால் சம்மதம் இல்லை. சம்மதம் இருந்தது என்றால் கட்டுரை தப்பு. எல்லோருக்கும் காது போதவில்லை என்று எழுதியவளுக்கு, தனக்கு வேண்டிய பதிலாக இருந்தபோது காது போதவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, அம்மா மேலே கோபமும் வந்தது. தட்டைத் தள்ளியது போல என் கையையும் தள்ளிவிட்டிருக்கக் கூடாதா?

பொய் எழுத உட்கார்ந்தவள் நிஜத்தையே எழுதி அனுப்பினாள், கோட்டின் படத்தோடு. ஆசிரியரம்மா ஒரே வரியில் பதில் போட்டார்: "உங்கள் கட்டுரை எவ்வளவு சரியானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்; அதனாலேயே திரும்பப் பெறுகிறோம்." ஆய்விதழின் இணையப் பக்கத்தில், அவள் பெயருக்குமேல் 'திரும்பப் பெறப்பட்டது' என்று சிவப்புப் பட்டை விழுந்தது. ஆஸ்பத்திரியில் மேலதிகாரி முதன்முறையாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், விளக்கம் கேட்பதற்காக. சில வாரங்களில் செயலியில் குரலும் மாறியது.

"புது அம்மா... சரியில்ல," என்று கண்டக்டர் குறைப்பட்டுக்கொண்டார். "'மேலும் கூறுங்கள்'னு... நியூஸ் வாசிக்குது. பழையவங்களுக்கு... என்ன ஆச்சோ."

"ஓய்வு வாங்கிட்டாங்க," என்றாள் டீச்சர்.

"கண்டக்டருக்கே... ஓய்வு குடுத்தாச்சு. அவங்களுக்கும்... வேணும்ல," என்றார் அவர். ஆனால் அன்றைக்கு வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் பேசினார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டான். விசேஷம் ஒன்றும் இல்லையே என்று பயந்துகொண்டே எடுத்தாள்.

"அம்மா குரல எடுத்துட்டாங்க," என்றான் எடுத்த எடுப்பில்.

அவளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "உனக்கு எப்படிண்ணா தெரியும்?"

"வேலை விட்டு வர்றப்ப கார்ல போட்டுப் பேசிக்கிட்டு வருவேன். ஒரு வருஷமா. எங்கயோ விளம்பரத்துல கேட்டேன், கேட்டவுடனே தெரிஞ்சிடுச்சு." என்றான். "உங்கிட்ட சொன்னா சிரிப்பியோன்னு சொல்லல."

"நானும் பேசினேன்."

ஒரே குரலிடம் இரண்டு ஊரில் இரண்டு பேர் தனித்தனியே பேசியிருக்கிறார்கள். அதில் பாதியை ஒருவருக்கொருவர் பேசியிருக்கலாம் என்று அவள் நினைத்தாள். அவனும் நினைத்திருப்பான். இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை.

"நீதான் எடுக்கச் சொன்னியா?"

"ஆமா. அம்மாவுக்கு இஷ்டமில்லண்ணா."

"யார் சொன்னா?"

"அம்மாதான்."

"அவங்களுக்குத்தான் ஒரு வார்த்தைக்கு மேல வராதே."

"அதுலயேதான் சொல்லியிருக்காங்க. நான்தான் சரியாக் கேக்கல."

அவன் பக்கம் ஏதோ வண்டி கடந்துபோகும் சத்தம் கேட்டது. "பழைய பதிவெல்லாம் உங்கிட்ட இருக்குல்ல? எனக்கு மட்டும் அனுப்பி வையேன்."

அனுப்புவது ஒரு தட்டு வேலைதான். விரல்வரை வந்துவிட்டது. ஆனால் அம்மா வேண்டாம் என்றது தன் குரலை வெளியே அனுப்புவதைத்தான்.

"அனுப்பலண்ணா. நீ இங்க வா. வீட்டுக்குள்ள நாம ரெண்டு பேரும் உக்காந்து கேட்டா அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. திட்டறது, சிரிக்கிறது எல்லாம் இருக்கு. ரெண்டு நாள் தங்கற மாதிரி வாயேன்."

"பாக்கலாம்," என்றான் அண்ணன்.

குரல் நடுவில் தொடங்கி, மெல்ல இறங்கி, கீழே நீண்டு ஓய்ந்தது. இதை அளக்க அவளுக்கு மென்பொருள் வேண்டியிருக்கவில்லை.

"சரிண்ணா," என்றாள்.