வாளி நிறைந்தும் நிற்காத எண்ணெய்

லாரிக்காரருக்குக் கால் உடைந்தது லாரியால் அல்ல. வெளியே சொல்லத்தான் அவருக்கு வெட்கமாக இருந்தது. யாரோ ஒருவருடைய துணி அலமாரியை மாடியிலிருந்து இறக்கும்போது, அது அவர் பாதத்தின்மேல் சாவகாசமாக உட்கார்ந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டு, காலை ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் மறுநாள் காலை ஒரு குடும்பத்தின் சட்டிபானை முதல் கட்டில்வரை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போயாக வேண்டும். வார்த்தை கொடுத்தாயிற்று.

நான் ஓட்டுகிறேன் என்றாள் மனைவி.

அவள் தையற்காரி. முன்னறையில் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தவளுக்கு, இதே காலால் கிளட்சை மிதித்தால் என்ன என்று ஒருநாள் தோன்றிவிட்டது. தோன்றியதோடு விட்டாளா? போய்க் கற்றுக்கொண்டு லைசென்ஸே வாங்கிவிட்டாள். வாங்கி ஒரு வருடம் ஆகியும், அது பீரோவில் புடவைக்கு அடியில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. லாரிக்காரர் சாவியைத் தந்தபாடில்லை. வண்டிக்கு எஞ்சின் ஆயில் மாற்றத் தெரியாதவர்கள் ஸ்டீரிங்கைத் தொடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அவர் மட்டும் முறை தவறாமல் மாற்றுவார். வாசல் அழுக்காகிவிடுமே என்ற கரிசனத்தில் வண்டியை எங்கோ ஓட்டிக்கொண்டு போவார். முழங்கைவரை கறுப்பாகத் திரும்பி வருவார். அந்தச் சட்டைகளைத் தேய்த்துத் தேய்த்தே அவளுடைய பாதி ஆயுள் போயிருந்தது.

இப்போது ஆயில் மாற்றும் வேளை வந்திருந்தது. அவள் கேட்டதும் அவர் தாராளப் பிரபுவாகிவிட்டார்.

"சாயந்திரத்துக்குள்ள நீயே மாத்திடு, சாவி உனக்கு. இல்லைன்னா பக்கத்துத் தெரு டிரைவரைக் கூப்பிட்டுடுவேன். அப்புறம் முகத்தைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

நடக்காது என்ற தைரியத்தில் சொன்னதுதான். ஆனால் அவருக்கு ஒரு தங்கை உண்டு. மருத்துவமனையில் நர்ஸ், அன்றைக்கு விடுமுறை. அண்ணனுக்கும் அண்ணிக்கும் வழக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு அண்ணி பக்கம் சாய்வது அவளுடைய பிறவிக் குணம். கையுறைகளை எடுத்துவந்தாள். வாசலில் பழைய போர்வையை விரித்து ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கினாள். நோயாளியை எப்போது உள்ளே கொண்டுவரலாம் என்றுதான் கேட்கவில்லை.

லாரிக்காரர் நாற்காலியில் சாய்ந்து, கட்டுப்போட்ட காலை ஸ்டூலின்மேல் நீட்டிக்கொண்டு, அங்கிருந்தபடியே ராஜ்ஜியம் நடத்தினார். சக்கரத்துக்குக் கல் வை என்றார். எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு அணை, சூட்டில்தான் எண்ணெய் இளகும் என்றார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எவ்வளவு எண்ணெய் வரும் என்று மனைவி கேட்டபோது மட்டும் ஒரு கணம் மோவாயைத் தடவினார். பிறகு, ஐந்தாறு லிட்டர் இருக்கும், குளியலறை வாளி தாராளமாகப் போதும் என்றார். அப்படியானால் புது எண்ணெய் வாங்கப் போனபோது கடைக்காரர் ஏன் இரண்டு பெரிய கேன் கொடுத்தார் என்றாள். உன்னைப் பார்த்ததும் தலையில் கட்டிவிட்டான் என்றார்.

அவள் அட்டையை விரித்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து நகர்ந்தாள். தலைக்கு மேலே எஞ்சினின் வயிறு. அதன் அடியில் ஒரு போல்ட். ஸ்பேனரை மாட்டி ஒரே இழுவை இழுத்தாள். போல்ட் இளகியது, இரண்டு திருகில் சூடு தாங்காமல் விரல் நழுவ, வாளிக்குள் டபக்கென்று விழுந்தது. பின்னாலேயே கன்னங்கரேலென்று எண்ணெய் கட்டை விரல் பருமனில் கொட்டியது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தாள்.

வாளி பாதியானது. முக்கால் ஆனது. வேகம் குறைவதாக இல்லை.

"நின்னுடும், நின்னுடும்" என்றார் நாற்காலிக்காரர்.

நிற்கவில்லை. விளிம்புக்கு இன்னும் ஒரு விரல்கடை இருக்கும்போது அவள் நாத்தனாரைக் கூவி அழைத்தாள். நாத்தனார் ஓடினாள். முதலில் துணி ஊறவைக்கும் தொட்டி வந்தது, ஆனால் அது சக்கரத்துக்கு இடையில் நுழையவில்லை. அடுத்துப் பூவாளி வந்தது; அதைப் பார்த்ததும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போல்ட்டோ வாளிக்குள், எண்ணெய்க்கு அடியில். வேறு வழியில்லாமல் அவள் கையுறைக் கட்டைவிரலை ஓட்டையில் வைத்து அழுத்தினாள். வெதுவெதுப்பான எண்ணெய் மணிக்கட்டில் இறங்கி, முழங்கையில் திரும்பி, அக்குளுக்குள் போய்ச் சேர்ந்தது. கூச்சம் தாளாமல் கெக்கலித்துச் சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க விரல் ஆடியது. விரல் ஆட ஆட எண்ணெய் பீறிட்டது. நாத்தனார் கடைசியில் விருந்தாளிகளுக்குச் சமைக்கும் பெரிய குண்டானைத் தூக்கிவந்தாள். அதை வைப்பதற்குள் சிந்தியதில் கால் வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே வண்டிக்கு அடியில் வந்து சேர்ந்தாள். குண்டானும் முக்கால் நிறைந்த பிறகுதான் எண்ணெய் நூலாகி, சொட்டாகி, ஓய்ந்தது.

சிரித்து முடித்து மூச்சு வாங்கியபோதுதான் தையற்காரிக்கு ஒன்று உறைத்தது. ஒரு தடவையாவது சட்டை தைத்தவளிடம் எவ்வளவு துணி பிடிக்கும் என்று கேட்டால், மோவாயைத் தடவுவாளா?

மெல்ல வெளியே நகர்ந்து, தலையை மட்டும் நீட்டினாள். முகம் பாதி கறுப்பு.

"என்னங்க, இத்தனை வருஷமா எந்த வாளியில பிடிச்சீங்க?"

லாரிக்காரர் வானத்தைப் பார்த்தார். காலை லேசாக நகர்த்தி, வலிக்கிறது என்றார். நர்ஸிடமா இந்தப் பாசாங்கு செல்லும்? தங்கை எழுந்து போய் எதிரே இடுப்பில் கைவைத்து நின்றதும் சாயம் வெளுத்துவிட்டது. இவர் ஒருநாளும் மாற்றியதில்லை. கடைத்தெரு முனையில் இருக்கும் மெக்கானிக்தான் மாற்றுவான். இவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

"அப்ப கையெல்லாம் கறுப்பா வந்ததே?"

"கிளம்பறப்ப பழைய எண்ணெயில கையை விட்டுட்டு வருவேன்" என்றார் அவர், மிகச் சன்னமாக. "வெறுங்கையோட வந்தா நீ நம்புவியா?"

துவைத்த சட்டைகளெல்லாம் கண்முன் வரிசையாக வந்தன. அவளுக்குக் கோபம் வரத்தான் வந்தது. ஆனால் ஒரு பெரிய மனுஷன் பயபக்தியோடு எண்ணெயில் கையை நனைத்துக்கொண்டு வீடு திரும்பும் காட்சி அதை முந்திக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அட்டையிலேயே உருண்டாள். நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டாள். லாரிக்காரர் முதலில் முறைத்தார், பிறகு அசடு வழிந்தார், பிறகு அவராலும் அடக்க முடியவில்லை.

இனி வழிகாட்ட ஆளில்லை என்று ஆகிவிட்டது. அதனால் வேலை ஒழுங்காக நடந்தது. அவள் எண்ணெய் வடிகட்டும் பழைய ஃபில்டரைக் கழற்றி, புதியதைக் கையில் எடுத்தாள். நாத்தனார் கையை நீட்டித் தடுத்தாள்.

"இருங்க அண்ணி. ஆபரேஷன்ல வயித்தைத் தைக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எண்ணிப் பாக்கறது எங்க பழக்கம். புதுசுல ஒரு ரப்பர் வளையம் இருக்கு. பழசுல காணோமே?"

விளக்கைப் பிடித்துப் பார்த்தார்கள். பழைய வளையம் எஞ்சினோடு அப்பிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருந்தது. அதன்மேலேயே புதியதை மாட்டியிருந்தால், நாளை நடுவழியில் எண்ணெய் முழுக்கச் சாலைக்குப் போயிருக்கும். தையற்காரிக்குச் சிரிப்பு நின்றது. நகத்தால் நெம்பி எடுத்து, இடத்தைத் துடைத்து, நிதானமாகப் புது ஃபில்டரைத் திருகினாள். போல்ட்டை எண்ணெயில் துழாவி எடுத்து, துடைத்து, அதன் இடத்தில் இறுக்கினாள். புதுக் கேன்களைத் திறந்து புனல் வைத்து ஊற்றினாள். அளவுக் குச்சியை இழுத்துப் பார்த்தாள். மேல் கோட்டுக்குச் சற்றே கீழே, தேன் நிறத்தில் எண்ணெய் மினுங்கியது.

சாவிக்காகக் கையை நீட்டினாள். லாரிக்காரர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

எஞ்சின் உறுமியது. எண்ணெய் அழுத்தம் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. நாத்தனார் குனிந்து பார்த்து, ஒரு சொட்டுக்கூட இல்லை என்று கையசைத்தாள். சும்மா தெருக்கோடிவரை போய்வரலாம் என்று தங்கை பின்னாலிருந்து தள்ள, அண்ணன் ஒற்றைக் காலில் தொற்றி ஏறிப் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். அந்த இருக்கை அவருக்குப் புதிது. எங்கே கையை வைப்பதென்று தெரியவில்லை.

தையற்காரிக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு உயரத்திலிருந்து தன் தெருவை அவள் பார்த்ததே இல்லை. பாடலாம் போலிருந்தது. அப்போதுதான் அவர் மெதுவாகச் சொன்னார்.

"நீயே மாத்திட்டே. நீயே ஓட்டவும் போறே. அப்புறம் நான் எதுக்கு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு வருடமாகத் தன்னை நம்பவில்லை என்றே நினைத்திருந்தாள். மனிதர் பயந்துபோயிருக்கிறார், அவ்வளவுதான். நெஞ்சு இளகிவிட்டது. கிண்டலாகச் சொல்ல வைத்திருந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டாள். தெரு முனை நெருங்கியது, குறுகலான வளைவு.

"அந்தப் பக்கம் எனக்குத் தெரியலை. நீங்க பாத்துச் சொன்னாத்தான் திருப்ப முடியும்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினார். சுவரைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். பிறகு தெருவே கேட்கும்படி கதவைத் தட்டினார்.

"வரலாம், வா. வா, வா. இன்னும் இடம் இருக்கு."