காரணம் என்ற கட்டம்

குடியிருப்போர் படிவத்தைத் தயாரித்தவன் நான். அதில் 'தொழில்' என்று கட்டம் போட்ட புத்திசாலியும் நானே. மூன்றாம் மாடியில் நான்கு மாதமாகக் குடியிருக்கும் பெண் அந்தக் கட்டத்தில் 'பாலியல் தொழில், வெளியிடத்தில்' என்று குண்டு குண்டாக எழுதிக் கொடுத்துவிட்டாள். கீழே 'உண்மைத் தகவல் மட்டும் தரவும்' என்று போட்டிருந்ததை அவள் ஒருத்திதான் நம்பியிருக்கிறாள். இரண்டு மோசடி வழக்கு வாங்கிய முதல் மாடி நிலத்தரகர் 'சமூக சேவை' என்று எழுதியிருந்தார்.

படிவங்களைச் சங்க அறை மேசைமேல் பரப்பி வைத்தேன். சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவளைக் காலி செய்யச் சொல்லும்படி வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் தயாரானது. எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. சங்கச் செயலாளரான நான் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

நான் பகுத்தறிவுவாதி. காப்பீட்டு அலுவலகத்தில் இருபது வருடம், காரணம் எழுதாமல் யார் கோரிக்கையையும் தள்ளியதில்லை. என் மனைவி நேர் எதிர். சாமி கும்பிடாமல் பல்லில் பச்சைத்தண்ணீர் படாது.

'சத்தம்' என்று எழுதினேன். சத்தம் நான்காம் மாடி டிரம்ஸிலிருந்து வருகிறது. அடித்தேன். 'அந்நியர் நடமாட்டம்.' அவள் வீட்டுக்குப் பால்காரரைத் தவிர ஈ காக்கை வருவதில்லை. அடித்தேன். 'குழந்தைகள் கெட்டுவிடும்.' அவர்கள் காதில் போட்டதே நாங்கள்தான். கடைசியில் 'அருவருப்பு' என்று எழுதிப் பார்த்தேன். அது உண்மை. ஆனால் காரணமாகாது. வெட்கமாக இருந்தது.

"நீயே சொல்லு, அது பாவம்தானே?" என்றேன் மனைவியிடம். பாவத்தைத் துணைக்குக் கூப்பிடும் நிலைமைக்கு வந்துவிட்டேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "பாவம்தான். எனக்குத் துளிகூடப் பிடிக்கல. ஆனா அதைக் கேக்க எனக்கு ஒரு சாமி இருக்கு. உங்களுக்குத்தான் சாமியே இல்லையே, யாருக்காக இந்த வேலை பாக்குறீங்க?"

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்றாம் மாடிக்கு ஏறினேன்.

கதவைத் திறந்தவளுக்குப் பின்னால் பாத்திரங்களைப் பாதி அடுக்கிய அட்டைப்பெட்டிகள் தெரிந்தன.

"எத்தனை நாள் குடுப்பீங்க சார்?"

"காலி பண்ண வேணாம்மா. நான் கையெழுத்துப் போடல. தொழில் என்னன்னு கேட்டதே என் தப்பு. அந்தக் கட்டத்தை எடுத்துடறேன்."

"மத்தவங்க விடுவாங்களா?"

"காரணம் கொண்டாங்கன்னு கேப்பேன். நானே தேடிப் பாத்துட்டேன், கிடைக்கல."

அவள் ஒருமுறை உள்ளே குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"பாத்ரூம் குழாய் வந்த நாள்லேருந்து ஒழுகுது. வெளிய சொன்னா என்னைப் பத்திப் பேச்சு வந்துடுமோன்னு பயந்து வாளி வச்சுப் புடிச்சிட்டிருக்கேன்." சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறியது. "நாலு மாசம் சார்! ஒருதடவையாவது வந்து எட்டிப் பாத்தீங்களா? அப்புறம் செயலாளர்னு எதுக்கு இருக்கீங்க?"

இந்தக் கட்டடத்தில் குடியிருக்கிற அத்தனை பேரும் என்னிடம் இப்படித்தான் பேசுவார்கள். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.